கலங்காத மனமே!

(பட்டிமன்றத் தலைப்பு: வழக்கறிஞர் தொழிலுக்கு இன்று பெரிதும் வேண்டுவது திறமையா? நேர்மையா? கலங்காத மனமா? இடம்: ஆய்க்குடி)

நடுவர் அவர்களே! இரண்டு அணியாகச் சேர்ந்து நின்று என்னை ஒருவனாகத் தாக்கிய நண்பர்களே! சாரல் அடித்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஆய்க்குடிப் பெருமக்களே!

திறமை அணித் தோழர் சொன்னார்: 'சட்டம் தெரியாத வக்கீல், நீச்சல் தெரியாத படகோட்டி'ன்னு. நேர்மை அணிச் சகோதரி எழுந்து, 'நேர்மை இல்லாத வக்கீலுக்குச் சட்டம் தெரிஞ்சா அது இன்னும் ஆபத்து'ன்னாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல பேச்சை யார் பேசினால் என்ன? (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, எனக்கு ஒரு கேள்வி. திறமையும் இருந்து, நேர்மையும் இருந்து, ஒரு மனுஷன் தப்புப் பண்ண முடியுமா? முடியும். நான் தமிழ் வாத்தியார். எனக்கு நல்லாத் தெரிஞ்ச கோர்ட்டு ஒண்ணே ஒண்ணுதான். மதுரையில, பாண்டியன் நெடுஞ்செழியன் கோர்ட்டு! (கைதட்டல்)

அவனுக்குத் திறமை இல்லையா? ஆரியப்படை கடந்தவன். நேர்மை இல்லையா? தன் தீர்ப்புத் தப்பு என்று தெரிந்த அந்தக் கணத்திலேயே உயிரை விட்டவன். அப்புறம் எங்கே சறுக்கினான்? இளங்கோவடிகள் அந்த இடத்தை எப்படி அமைக்கிறார் பாருங்கள். கோப்பெருந்தேவி ஊடல் கொண்டு, தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். ராஜா அவளைச் சமாதானம் பண்ணப் போய்க்கிட்டிருக்கான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் குறுக்கே வந்து, 'சிலம்பு திருடின கள்வன் அகப்பட்டான்' என்கிறான். நின்று விசாரிக்க மனசு அங்கே இல்லை. ஒரே ஒரு உத்தரவு. கோவலன் தலை போச்சு, மதுரை எரிஞ்சு போச்சு. வீட்டுச் சண்டையை மனசுல வச்சுக்கிட்டு ஆபீசுக்குப் போகாதீங்கய்யா! (பலத்த சிரிப்பு)

சிரிச்சிட்டீங்க. இனிச் சொல்லப் போறது சிரிப்பு வராத சங்கதி.

என்னிடம் தமிழ் படித்த ஒரு பையன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். கெட்டிக்காரன். பிறகு சட்டம் படித்து, தனியாக போர்டு மாட்டினான். ஒற்றை ஆள், குமாஸ்தா கிடையாது. மேஜை மேல மலை மாதிரி கேஸ் கட்டு. வீட்டில் அப்பா படுத்த படுக்கை. ஒரு நாள் கல்லூரிக்கு வந்து, 'சார், ரொம்ப பாரமா இருக்கு சார்'னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? முதுகில் தட்டி, 'நீ கெட்டிக்காரன்டா, சமாளிச்சிருவே'ன்னு அனுப்பி வச்சேன். அன்றைக்கு நானும் திறமை அணியிலதான் இருந்திருக்கேன் நடுவர் அவர்களே!

ஒரு ஆச்சி அவனுடைய கட்சிக்காரர். தென்னந்தோப்பு வரப்புத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் தோற்றுப் போச்சு. அப்பீலுக்கு 30 நாள்தான் கெடு. இவன் டைரியில் ஒரு மாசம் தள்ளிக் குறித்துவிட்டான். நாள் போன பிறகுதான் கண்டுபிடித்தான். ஆச்சி வந்து, 'வக்கீலய்யா, அப்பீலு போட்டாச்சா?'ன்னு கேட்டாள். 'போட்டாச்சு ஆச்சி'ன்னான். அந்தப் பொய்யைச் சொன்னவன் திருடன் இல்லைங்க. பயந்தவன். அடுத்த தடவை வந்தாள். 'வாய்தா போட்டிருக்காங்க'ன்னான். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு. ஒரு ராத்திரி மழையில நனைஞ்சுக்கிட்டு என் வீட்டு வாசலில் நிற்கிறான். 'சார், நான் நல்லவன்தானே சார்?' என்று கேட்டான்.

எனக்குச் சட்டம் தெரியாது. கூட்டிக்கொண்டு ஒரு மூத்த வக்கீலிடம் போனேன். அவர் சொன்னார்: 'தம்பி, அப்பீல் தாமதத்துக்குக் காலவரம்புச் சட்டத்தில் 5ஆம் பிரிவு இருக்கு. தக்க காரணம் சொன்னால் கோர்ட்டு மன்னிக்கலாம். முதல் வாரமே வந்திருந்தால் ஒரு சின்ன மனு. இப்போ நாலு மாசத்துக்குப் பதில் சொல்லணும். ஆனால் அதற்கு முன்னால் ஆச்சிக்குப் பதில் சொல்லு.'

போய்ச் சொன்னான். நானும் கூடப் போனேன். ஆச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: 'தோப்பு போனாப் போவுது. ஏன்யா எங்கிட்டப் பொய் சொன்னே?' அபிடவிட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினான். கோர்ட்டு செலவுத் தொகை போட்டுத் தாமதத்தை மன்னித்தது. அதை அவனே கட்டினான். ஆச்சி கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விட்டாள். நியாயம்தானே? ஆனால் அன்றைக்கு ராத்திரி அவன் தூங்கினான்.

அது அப்பீல் என்பதால் தப்பித்தான். முதல் வழக்கே போடாமல் கெடு தாண்டிவிட்டால் 5ஆம் பிரிவு கைகொடுக்காது. நடந்த வழக்கு ஒன்று சொல்கிறேன். 1972ல் சென்னையில், 70 வயதான, காது கேளாத பெரியவர் ஒருவரும் அவருடைய வயதான மனைவியும் 15,000 ரூபாய், 5,000 ரூபாய் என்று இரண்டு புரோநோட்டுகளை ஒரு வக்கீலிடம் கொடுத்தார்கள். கோர்ட்டுக் கட்டணமும் கொடுத்தார்கள். வழக்குப் போடவே இல்லை. ஆனால் பொய்யாக வழக்கு நம்பர் கொடுத்தார், விசாரணைத் தேதியும் சொன்னார். மாநில பார் கவுன்சில் ஆறு வருஷம் தொழில் செய்யத் தடை போட்டது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாகக் குறைத்தது. 1978ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் என்ன செய்தார்? பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடு என்றார். சட்ட உதவி அமைப்பின் கீழ் ஏழைகளுக்கு உழைக்க உறுதி கொடு என்றார். 1979 ஆகஸ்ட் 14 வரை தடை. சுதந்திர தினத்திலிருந்து புது வாழ்வு தொடங்கு என்றார். தண்டனையும் உண்டு, திரும்பி வர வழியும் உண்டு! (கைதட்டல்)

நேர்மை அணிச் சகோதரி கேட்பாங்க: 'இதெல்லாம் நேர்மைக் குறைவுதானே?' அம்மா, நேர்மைக்குக் கால் வேணும், நிற்கிறதுக்கு. அந்தக் கால்தான் கலங்காத மனசு. பார் கவுன்சில் விதிகளையே பாருங்கள். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று கூலி பேசக்கூடாது. ஏன்? தீர்ப்பில் தன் சோறும் கிடந்தால் மனசு கலங்கும். கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு வை. ஏன்? ராத்திரி தூக்கம் வரும். முடியவில்லையா? தக்க காரணம் சொல்லி, முன்கூட்டித் தெரிவித்து, மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகலாம். 'என்னால் முடியலை' என்று சொல்வதற்குச் சட்டமே வாசலைத் திறந்து வச்சிருக்கு. நாமதான் வெட்கப்பட்டு உள்ளேயே நிற்கிறோம்.

2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொன்னது. 'அப்பாடா' என்று சில பேர் பெருமூச்சு விட்டாங்க. விடலாமா? வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவு அப்படியே இருக்கு. கண்டிக்கலாம், நிறுத்தி வைக்கலாம், பேரையே நீக்கலாம். அதுவும் போகட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு மனசுக்குள்ள கூடுதே ஒரு கோர்ட்டு, அங்கே வாய்தாவே கிடையாது! (பலத்த கைதட்டல்)

மணி அடிக்கிறீங்க, முடிச்சிடறேன். இந்த ஊரில் வந்து நின்று இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. ஆய் அண்டிரன் பேரைச் சொல்கிற ஊர் இது. லாபக் கணக்குப் போட்டு அறம் செய்யாதவன் என்று முடமோசியார் பாடிய வள்ளல் அவன். இதே ஊரில்தான் 1981ல் அமர் சேவா சங்கம் பிறந்தது. தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அடுத்தவர் கையைக் கேட்டு வாங்கியவர்தான் ஆயிரம் பேருக்குக் கைகொடுத்தார். உதவி கேட்பது பலவீனம் இல்லை என்று இந்த ஊருக்கு நான் சொல்லித் தரணுமா?

இங்கே இருக்கிற இளம் வக்கீல் தம்பிமார்களே, தங்கைமார்களே! கெடு தேதியை ரெண்டு டைரியில் எழுதுங்க. ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு நம்பிக்கையான இன்னொருத்தர்கிட்ட. தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லுங்க. உங்களை மாதிரி ஒரு பையன் யாரிடமாவது வந்து 'பாரமா இருக்கு'ன்னா, கேட்கிறவங்க என்னை மாதிரி முதுகில் தட்டி அனுப்பாதீங்க. உட்கார வச்சுக் கேளுங்க.

திறமை வழக்கை நடத்தும். நேர்மை வக்கீலை நடத்தும். அந்த ரெண்டையும் விழாமல் நடத்துவது கலங்காத மனமே, கலங்காத மனமே என்று சொல்லி, நல்ல தீர்ப்பை நடுவரிடம் எதிர்பார்த்து விடைபெறுகிறேன்.