ஆற்றங்கரையில் எஞ்சியது எது?
(அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இன்று வங்கிக் கட்டடங்களும் உணவகங்களும் நிற்கின்றன. மாலையில் அங்கே நடக்கும் நம் பிள்ளைகளுக்கு, தம் சமுதாயம் உழைத்த இடம் அது என்பது தெரிவதில்லை.

1819-க்குப் பின் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளிலிருந்து வந்த நம் முன்னோரைச் 'சூலியா' என்று அழைத்தார்கள். 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் ஆற்றின் மேற்பகுதியில் அவர்களுக்கென 'சூலியா கம்போங்' குறிக்கப்பட்டது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிப் படகுத்துறைக் கிடங்குகளில் சேர்த்த தோணிக்காரர்களில், தொடக்க காலத்தில் சூலியாக்களே முன்னின்றார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் கடை வைத்தவர்களும், பிற்காலத்தில் சேஞ்ச் அலியில் நாணயம் மாற்றியவர்களும் நம்மவர்களே. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, கடைவீட்டு மாடிகளில் நெருக்கியடித்துப் படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பிய வாழ்க்கை அது.

பின்னர் தோணித் தொழில் சீனர் கைக்கு மாறியது. 1977-இல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கியது. 1983-இல் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. ஆறு சுத்தமானது, அது நல்லதே. ஆனால் கரையில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினார்கள்.

எஞ்சியது எது? பாலெம்பாங்கிலிருந்து வந்த அரபு வணிகர் செய்யது உமர் அல்ஜுனைது 1820-இல் ஆற்றருகே எழுப்பிய உமர் கம்போங் மலாக்கா பள்ளிவாசல் எஞ்சியது. 1826-இல் சூலியாக்கள் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசல் எஞ்சியது. தமக்கென்று வைத்துக்கொண்ட கடையும் வீடும் கைமாறிப் போயின. அல்லாஹ்வுக்காகக் கொடுத்த இடத்தில் இன்றும் பாங்கொலி கேட்கிறது. வக்ஃபின் அருமையை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆனால் கட்டடம் மட்டும் நின்றால் போதாது. அந்தக் கரையில் உழைத்தவர்களின் நினைவு நம் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போகிறார்கள்.

ஆகவே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்த இரு பள்ளிவாசல்களிலும் தொழுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பேசச் சொல்லி எழுதி வையுங்கள். பழைய கடிதம், புகைப்படம், கடைச் சீட்டு இருந்தால் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள்; நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம்.

நம் முன்னோரின் நற்செயல்களை ஏற்று, நாமும் நிலைத்த தர்மம் விட்டுச் செல்ல வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.