பேரேடும் சாட்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்காவில் வாழும் என் மகளின் இல்லத்திற்குச் சென்று வந்தது பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி இம்மேடையில் முன்னரே பலர் பேசிவிட்டனர். ஆகவே, கள்வரும் காவலரும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கும் ஒரு காட்சிச்சாலையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரம் சூதாட்டத்திற்குப் பெயர் பெற்றது. அங்கே 1933-ஆம் ஆண்டில் அஞ்சல் நிலையமும் நீதிமன்றமுமாக எழுப்பிய அரசுக் கட்டடம் ஒன்று உள்ளது. அதுவே 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் முதல், குற்றக் கூட்டங்களையும் அவற்றை எதிர்த்த சட்டத்தையும் விளக்கும் காட்சிச்சாலையாகத் திகழ்கிறது. ‘மாப் மியூசியம்’ என்று மக்கள் அழைக்கின்றனர்.

கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடும் இடம் அன்று அது. நாமும் அதில் பங்கு கொள்ளலாம். அடையாள அணிவகுப்பில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். என் பேரன் அங்கே நின்று, எவ்வளவு முயன்றும் கள்வனைப்போல் முகத்தை வைத்துக்கொள்ள இயலாமல் சிரித்துவிட்டான்! காவலர் பயிற்சி அறையில் போலித் துப்பாக்கியைக் கையில் தருகிறார்கள். எதிரே தோன்றுபவனைச் சுடுவதா, வேண்டாவா என்று நொடிப்பொழுதில் முடிவு செய்தல் வேண்டும். என் மாப்பிள்ளை வியர்த்து வெளியே வந்தார்.

ஓரிடத்தில் மட்டும் எங்கள் சிரிப்பு அடங்கியது. அங்கே ஒரு செங்கற்சுவர் நின்றது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் சிகாகோ நகரில் ஒரு வண்டிக் கொட்டகையில் எழுவரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். கொன்றவருள் சிலர் காவலர் உடை அணிந்து வந்தவர்கள். அக்கட்டடம் 1967-இல் இடிக்கப்பட்டபோது ஒருவர் வாங்கிப் பாதுகாத்த செங்கற்களே அங்கே சுவராக நிற்கின்றன.

இத்தகைய கூட்டங்கள் எவ்வாறு தழைத்தன? 1920-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 1933-ஆம் ஆண்டு டிசம்பர் வரை அந்நாடு முழுவதும் மதுவிலக்கு நடைபெற்றது. சட்டம் மதுவை விலக்கிற்று. குடிப்பவர் பலர் விலக்கவில்லை. அவர்கள் தந்த பணத்தில் அல் கபோன் போன்றோர் கொழுத்தனர். வாங்குவோர் இல்லையேல் கூட்டமும் இல்லை.

கால்வின் காடர்ட் என்னும் அறிஞர் தோட்டாக்களை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, பின்னர்க் கைப்பற்றப்பட்ட இரு துப்பாக்கிகள் அக்கொலையில் பயன்பட்டவை என்று காட்டினார். உயிரற்ற இரும்பு உண்மையைச் சொல்லிற்று. மனிதரோ வாய் திறக்கவில்லை. குற்றுயிராய்க் கிடந்த ஒருவரும், சுட்டவர் யார் என்று கூறாமலே மாண்டார். அக்கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை.

ஆனால் கபோன் தப்பவில்லை. சட்ட விரோதமாக ஈட்டிய பணத்திற்கும் வருமான வரி உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1927-இல் தீர்ப்பளித்திருந்தது. சூதாட்ட விடுதி ஒன்றில் முன்னர்க் கைப்பற்றிய கணக்கேடுகளை வரித்துறையினர் துருவி ஆராய்ந்தனர். அங்குக் கணக்கு எழுதியவர் நீதிமன்றத்திற்கு வந்து சாட்சி கூறினார். 1931-இல் கபோனுக்குப் பதினோராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. வாழ்நாளெல்லாம் பேரேட்டுடன் மாரடித்த எனக்கு, துப்பாக்கி சாதிக்காததைக் கணக்கேடு சாதித்தது கண்டு பெருமையாக இருந்தது.

அப்பெருமை மாடிப்படி ஏறும் வரையில்தான் நிலைத்தது. மேலே பழைய நீதிமன்றக் கூடம் அப்படியே இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், குற்றக் கூட்டங்களை விசாரிக்கச் செனட் சபை அமைத்த கெஃபாவர் குழு அங்கே அமர்ந்தது. அக்குழு பதினான்கு நகரங்களில் விசாரணை நடத்திற்று. அடுத்த ஆண்டு நியூயார்க் விசாரணையைத் தொலைக்காட்சியில் இலட்சக்கணக்கானோர் கண்டனர். கேள்விக்கு விடை கூற மறுத்த சாட்சிகள் பலர்.

“ஏன் தாத்தா, அவர்கள் வாய் திறக்கவில்லை?” என்றான் பேரன். “தங்கள் குற்றத்தை மறைக்கச் சிலர், அச்சத்தால் சிலர்” என்றேன். “நீங்களாயிருந்தால் சொல்லியிருப்பீர்களா?” என்றான். நான் விடை கூறவில்லை.

அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லுகிறேன். நான் இந்நகருக்கு எழுத்தராக வந்த புதிது. கடைத்தெருவில் முதியவர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். மாதக் கடைசியில் எனக்குக் கடன் தந்து உதவியவர். ஒரு மாலை நால்வர் வந்து ‘ஹஃப்தா’ கேட்டனர். அவர் மறுத்தார். அவருடைய தராசைப் பிடுங்கி அவர்மேலேயே வீசினர். அரிசியும் பருப்பும் தெருவில் சிதறின. பத்தடி தொலைவில் பையும் கையுமாக நான் நின்றிருந்தேன். காவலர் வந்து கேட்டபோது, “இப்போதுதான் வந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை” என்றேன். முதியவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் கடை பூட்டிக் கிடந்தது. அவருக்கு நான் தர வேண்டிய பதினெட்டு ரூபாய் இன்றும் என் கணக்கில் பற்றாகவே நிற்கிறது.

அன்று நான் சொல்லிக்கொண்ட சமாதானம் என்ன? “வேற்றூர், வேற்று மொழி, பிழைக்க வந்த இடம், நமக்கேன் வம்பு?” என்பதே. நம்மில் பலர் இச்சொல்லை வாழ்நாள் முழுவதும் சுமந்து வந்திருக்கிறோம். பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீடு கட்டி, பேரன் பேத்தியையும் கண்ட பின்னர் இவ்வூர் இன்னும் வேற்றூர் ஆகுமா? தீயவர் நால்வர்தான், அன்று தெருவில் நின்ற நாங்களோ நாற்பதின்மர். நாற்பது வாய்கள் மூடியிருந்தமையே அந்நால்வரின் வலிமை.

அஞ்சாதீர்கள் என்று உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. அச்சம் எல்லார்க்கும் உண்டு. அன்று ஒருவர் என்னுடன் வந்து நின்றிருந்தால் நான் பேசியிருப்பேன் என்றே எண்ணுகிறேன். ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். நம் காலனியில் உண்மை சொல்ல ஒருவர் எழும்போது, அவரைத் தனியே காவல் நிலையத்திற்கு அனுப்பாதீர்கள். இருவர் மூவராகத் துணை செல்லுங்கள். என்னையும் அழையுங்கள், கைத்தடியுடன் வருகிறேன். என் பேரன் அடுத்த கோடையில் வருகிறான். அவன் மீண்டும் கேட்டால் விடை சொல்ல வேண்டும்.