கப்பலில் வரும் கோதுமையும் நாணய மதிப்பும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கான பிரசங்கம்)



இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அத்தீவினர் உண்ணும் பாணுக்கும் ரொட்டிக்கும் உரிய கோதுமை முழுவதும் கப்பலிலேயே வரவேண்டும். கிரயமோ டாலரில் செலுத்தப்படவேண்டும். சொந்த நாணயம் நிலைகுலைந்தால் இவ்வியாபாரம் என்னவாகும் என்பதை 2022-ம் வருஷம் காட்டிற்று.

அவ்வருஷம் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய்; மே மாத மத்தியிலோ சுமார் 360 ரூபாய். மார்ச்சில் 100 டாலர் பெறுமான கோதுமையைக் கடனுக்குத் தருவித்த வியாபாரி ஒருவன், அதை 20,000 ரூபாய்ச் சரக்கென மதித்து, 2,000 ரூபாய் லாபம் வைத்து விற்றானென்று கொள்வோம். மே மாதத்தில் அக்கடனைத் தீர்க்க 36,000 ரூபாய் வேண்டும். ஏட்டில் லாபம், கையில் 14,000 ரூபாய் நஷ்டம்! ரொக்கம் கொடுத்து வாங்கியவனும் விற்ற பணத்தைக்கொண்டு மறுமுறை அவ்வளவு சரக்கு வாங்க இயலாது.

டாலர் இன்மையால், கிரயத்திற்குப் பொறுப்பேற்கும் உறுதிக் கடிதத்தை அளிக்கப் பாங்கிகள் தயங்கின. உணவுப் பண்டங்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கின. தேங்கிய நாளுக்கெல்லாம் கட்டணம் ஏறிற்று. அச்சுமை முடிவில் பாண் வாங்கும் ஏழையின் தலையில் விழுந்தது.

பண்டசாலை நடத்தும் சங்கங்கள் இதினின்று அறியவேண்டுவன இரண்டு. கொடுக்கவேண்டிய தொகை நிச்சயமாகாத சரக்கைக் கடனுக்குத் தருவிக்கலாகாது. அடுத்த கொள்முதலுக்குரிய தொகையை ஒதுக்குமுன் லாபத்தைப் பங்கிடலாகாது. விற்ற பணமெல்லாம் லாபமன்று. மறுபடியும் மூட்டை வாங்கிய பின் மிஞ்சுவதே லாபம்.