நிக்காஹுக்கு முன் முகத்துக்கு ஊசியா?

(உப்பிலியபுரத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் எமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





சுருக்கம் போக ஓர் ஊசி, கன்னம் எடுப்பாக ஓர் ஊசி, நிறம் வெளுக்க ஓர் ஊசி என்று செல்போனில் விளம்பரங்கள் வருகின்றன. நிக்காஹ் தேதி குறித்த வீடுகளில் இந்தப் பேச்சு அதிகம். எந்த ஊசி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வோம்.

முதலாவது போடாக்ஸ். சரியாகப் பதப்படுத்தாத டப்பா உணவில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சுதான் இது. மிகமிகச் சிறிய அளவில் போட்டால் தசை தளரும், சுருக்கம் மறையும். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்தாகத்தான் 1989இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. புருவச் சுருக்கத்துக்கு அனுமதி 2002இல் வந்தது. பலன் மூன்று நான்கு மாதம்தான். பிறகு மறுபடி பணம், மறுபடி ஊசி.

இரண்டாவது ஃபில்லர். குழிவிழுந்த இடத்தை நிரப்பும் கூழ் இது. தவறி இரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். அரிதாகக் கண்பார்வையே போகலாம். அந்த நிமிடத்தில் கூழைக் கரைக்கும் மருந்தும், அதைப் போடத் தெரிந்த மருத்துவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். பியூட்டி பார்லரில் இருப்பார்களா?

மூன்றாவது குளுட்டாதயோன். நிறம் வெளுக்க வைப்பதற்கென்று நம் நாட்டில் இந்த ஊசிக்கு அனுமதி இல்லை. இது அதிகம் புழங்கிய பிலிப்பைன்ஸ் நாட்டு அரசே, சிறுநீரகம், தைராய்டு, தோல் பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தது.

மருந்து மட்டுமல்ல, ஊசியும் ஆபத்தாகலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில், சொந்த இரத்தத்தையே எடுத்து முகத்தில் ஏற்றிக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018இல் அதை மூடினார்கள்.

'மார்க்கத்தில் கூடுமா?' என்று பலர் கேட்கிறீர்கள். மலேசிய தேசிய ஃபத்வா கவுன்சில் 2006இல் அழகுக்காகப் போடும் போடாக்ஸ் கூடாது என்றது. நோய்க்கான சிகிச்சையைத் தடுக்கவில்லை. இந்தோனேசிய உலமா சபை 2020இல், பொருள் ஹலாலாக இருக்க வேண்டும், தீங்கு இருக்கக் கூடாது, தகுதியானவர் போட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமிடம் கேளுங்கள். தீங்கு தரும் என்று தெரிந்ததை உடம்பில் ஏற்றக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

முகத்தில் மங்கு, தழும்பு, பரு இருந்தால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். தனியாரிடம் போனால் மருத்துவரின் பதிவு எண்ணையும், தோல் சிகிச்சையில் அவர் பெற்ற பட்டத்தையும் கேளுங்கள். ஊசி மருந்துப் புட்டியை உங்கள் முன் பிரிக்கச் சொல்லுங்கள். பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துப் பாருங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அழகுக்காக இவற்றை நாடவே வேண்டாம்.

கடைசியாக, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வார்த்தை. பெண் பார்க்கப் போன இடத்தில் "நிறம் கொஞ்சம் மட்டு" என்று நாம் சொல்லிவிட்டு வரும் அந்த ஒரு சொல்தான், ஒரு பிள்ளையை ஊசிக்கு முகத்தைக் கொடுக்க வைக்கிறது. அந்தச் சொல்லை இன்றோடு விடுவோம். சீர் சாமானுக்கும் நகைக்கும் கடன் வாங்கும் வாப்பா, இதற்கும் கடன் வாங்க வேண்டாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் நல்ல வாழ்வையும் தருவானாக, ஆமீன்.