62 நாட்கள்: நார்வே தோற்ற கதை



1940-ஆம் ஆண்டு ஏப்ரல் 9. பொழுது விடிவதற்குள் ஜெர்மன் போர்க்கப்பல்கள் தெற்கே ஓஸ்லோ முதல் வடக்கே நார்விக் வரை நார்வேயின் துறைமுகங்களை நெருங்கிவிட்டன. இரண்டாம் உலகப் போரில் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியிருந்த நாடு அது. மக்கள்தொகை சுமார் 30 லட்சம். அதே காலையில் படையெடுக்கப்பட்ட டென்மார்க் சில மணி நேரத்தில் பணிந்துவிட்டது. நார்வேயும் தோற்றது. ஆனால் அது தோற்ற விதம் வேறு. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஹிட்லருக்கு நார்வே எதற்கு? முதல் காரணம் இரும்பு. ஜெர்மனியின் ஆயுத ஆலைகளுக்கு ஸ்வீடனின் இரும்புத்தாது தேவைப்பட்டது. குளிர்காலத்தில் பால்டிக் கடலின் வடபகுதி உறைந்துவிடும். அப்போது தாது ரயிலில் நார்விக் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறும். இரண்டாவது காரணம், நார்வேயின் நீண்ட கடற்கரை. அங்கே தளம் அமைத்தால் ஜெர்மன் கடற்படைக்கு அட்லாண்டிக் கடலின் வழி திறந்துவிடும். பிரிட்டனும் இதை அறிந்திருந்தது. படையெடுப்புக்கு முந்தைய நாள்தான் நார்வேயின் கடற்பகுதியில் அது கண்ணிவெடிகளை விதைத்தது. நடுநிலை நாடு என்ற பெயர் இரு தரப்பையும் தடுக்கவில்லை.

ஜெர்மனியின் திட்டம் எளிது. விடியற்காலையில் ஓஸ்லோவில் இறங்கி, அரசரையும் அமைச்சர்களையும் நாடாளுமன்றத்தையும் ஒருசேரப் பிடித்து, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அதற்கான படையினரையும் அதிகாரிகளையும் ஏற்றிக்கொண்டு ப்ளூஷர் என்ற புத்தம்புதிய கனரகப் போர்க்கப்பல் ஓஸ்லோ கடற்கழி வழியே வந்தது. கழி குறுகும் இடத்தில் ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டை. அதன் பெரிய பீரங்கிகள் 1890-களில் ஜெர்மனியின் க்ருப் ஆலையில் செய்யப்பட்டவை. காவலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர்கள். தளபதி பிர்கர் எரிக்சனுக்கு வயது 64. ஓய்வு பெறும் காலம்.

வருவது யாருடைய கப்பல் என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. சுடு என்று மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவும் இல்லை. பயிற்சி பெற்ற பீரங்கி வீரர்கள் போதாததால், இருந்தவர்களை இரண்டு பீரங்கிகளுக்குப் பிரித்து, மற்ற வேலையில் இருந்தவர்களையும் துணைக்கு நிறுத்தினார். மறுபடி குண்டு நிரப்ப நேரம் கிடைக்காது, பீரங்கிக்கு ஒரு குண்டுதான். அதிகாலை நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் இரண்டும் வெடித்தன. இரண்டும் ப்ளூஷரைத் தாக்கின. தொடர்ந்து, பாறைக்குள் மறைத்திருந்த தளத்திலிருந்து சுமார் 40 ஆண்டுப் பழமையான டார்பிடோக்கள் பாய்ந்தன. காலையிலேயே கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. நூற்றுக்கணக்கான ஜெர்மானியர் அந்தக் குளிர்ந்த நீரில் மாண்டார்கள். பின்னால் வந்த கப்பல்கள் திரும்பிவிட்டன.

அந்த மோதலில் கிடைத்தது சில மணி நேரம்தான். நாடாளுமன்றத் தலைவர் ஹாம்ப்ரோவின் ஏற்பாட்டில், அரசரும் அமைச்சர்களும் உறுப்பினர்களும் காலை ரயிலில் ஓஸ்லோவை விட்டுக் கிளம்பினார்கள். மத்திய வங்கியின் சுமார் 50 டன் தங்கம் லாரிகளில் ஏறியது. அன்று பிற்பகல், விமானத்தில் வந்திறங்கிய ஜெர்மன் வீரர்கள் ஓஸ்லோவுக்குள் நடந்துவந்தபோது, பிடிக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. எல்வெரும் என்ற ஊரில் கூடிய நாடாளுமன்றம், தான் மீண்டும் கூட முடியும்வரை அரசாங்கமே நாட்டின் நலனைக் காக்க வேண்டும் என்று அதிகாரம் அளித்தது.

அன்று இரவு ஓஸ்லோ வானொலியில் ஒரு குரல் கேட்டது. மக்கள் ஆதரவே இல்லாத ஒரு நாஜிக் கட்சியின் தலைவர் குவிஸ்லிங், தாமே பிரதமர் என்று அறிவித்தார். மறுநாள் ஜெர்மன் தூதர் பிரோயர் அரசர் ஏழாம் ஹாகோனைச் சந்தித்து, குவிஸ்லிங்கையே பிரதமராக நியமியுங்கள் என்றார். அரசருக்கு வயது 67. டென்மார்க்கில் பிறந்தவர்; 1905-இல் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட அரசர். அவர் அமைச்சர்களிடம் சொன்னதன் சாரம் இது: முடிவெடுக்க வேண்டியது அரசாங்கம், ஆனால் மக்களின் நம்பிக்கை இல்லாத ஒருவரை என்னால் நியமிக்க முடியாது, நீங்கள் சம்மதித்தால் நான் முடி துறந்துவிடுவேன். அமைச்சரவை அவர் பக்கம் நின்றது. அடுத்த நாளே ஜெர்மன் விமானங்கள் அவர்கள் தங்கியிருந்த நீபெர்க்சுண்ட் ஊரின்மீது குண்டு பொழிந்தன. அரசரும் அமைச்சர்களும் பனி மூடிய காட்டுக்குள் ஓடி உயிர் பிழைத்தார்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நார்வே போருக்கு ஆயத்தமாகவே இல்லை. படை திரட்டும் ஆணை, எதிரி வாசலில் நின்றபோது, தபாலில் அனுப்பப்பட்டது! உதவிக்கு வந்த பிரிட்டிஷ் படைகள் தென்பகுதியை மே மாதத் தொடக்கத்திலேயே கைவிட்டன. மே 28-இல் நார்வேஜிய, பிரெஞ்சு, போலந்துப் படைகள் நார்விக்கை மீட்டன. ஆனால் அதற்குள் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. நேச நாடுகள் படைகளைத் திரும்ப அழைத்தன. ஜூன் 7-இல் அரசர் ட்ரோம்சோவிலிருந்து கப்பலேறினார். ஜூன் 10-இல் நாட்டுக்குள் போரிட்ட படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. மொத்தம் 62 நாட்கள்.

சரணடைந்தது படைதான், அரசு சரணடையவில்லை. அதன் பலன் பெரிது. உலகின் பெரிய வணிகக் கப்பல் அணிகளில் நார்வேயுடையதும் ஒன்று. சட்டப்படியான அரசாங்கம் உயிரோடு இருந்ததால், சுமார் 1000 கப்பல்கள் அதன் ஆணைப்படி எண்ணெயும் உணவும் சுமந்து நேச நாடுகளுக்காக ஓடின. நாட்டுக்குள்ளும் எதிர்ப்பு ஓயவில்லை. 1942-இல் நாஜி அமைப்பில் சேர மறுத்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானபோதும் பணியவில்லை. அதே ஆண்டில்தான் நார்வேயின் போலீசாரே யூதக் குடும்பங்களைப் பிடித்துக்கொடுத்தார்கள் என்பதும் வரலாறு. எழுநூறுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலரே. எதிர்த்து நின்றவர்களின் பெருமையால் அந்தக் கறையைத் துடைக்க முடியாது.

1945 ஜூன் 7-இல், நாட்டை விட்டுச் சென்று சரியாக ஐந்தாண்டு கழித்து, ஹாகோன் ஓஸ்லோவுக்குத் திரும்பினார். குவிஸ்லிங் விசாரிக்கப்பட்டு அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நேயர்களே, பெரிய படை வந்தால் சிறிய நாடு தன் மண்ணை இழக்கலாம். ஆனால் ஆக்கிரமிப்பவனுக்கு மண் மட்டும் போதாது; தான் செய்தது சரி என்று உரியவர் கையால் ஓர் ஒப்புதலும் வேண்டும். நார்வே அதைத் தரவில்லை. உத்தரவுக்குக் காத்திராத ஒரு தளபதி, தலைநகர் விழுந்தாலும் கூடிய ஒரு நாடாளுமன்றம், மாட்டேன் என்று சொன்ன ஓர் அரசர் — இவர்களால்தான் அந்தத் தோல்வி அடிமைச் சாசனமாக மாறவில்லை. ஆயுதம் போதாத நாடுகளும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்பு இது: நெருக்கடி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய இடங்களில், மறுக்கத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும்.