வீட்டுக்கு ஏற்ற வண்டி எது?

தோட்டத்துப் பாதைகளில் நடந்தும் மிதிவண்டியிலும் போய் வந்த காலம் மாறிவிட்டது. மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இன்று அரிது. பல வீடுகளின் முன்னால் பழைய காடி ஒன்றும் நிற்கிறது. இவற்றுள் எது சிறந்தது என்று வண்டிப் பிரியர்களைக் கேட்டால், ஒருவர் வேகத்தைப் புகழ்வார். இன்னொருவர் அழகைப் புகழ்வார். ஆனால், நாள்தோறும் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள் வேறு விதமாகக் கணக்குப் பார்ப்பார்கள். வண்டி நமக்கு என்ன செய்கிறது, அதற்காக நம்மிடம் என்ன கேட்கிறது என்பதே அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கை நமக்குத் தெரிந்த மூன்று வண்டிகளை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, காப்சாய். ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் 'சூப்பர் கப்' என்னும் சிறிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. 2017-ஆம் ஆண்டுக்குள் உலகில் பத்துக் கோடி 'கப்' வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. அந்தப் பெயரோடு 'சிறியது' என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து, நம் நாட்டில் காப்சாய் ஆயிற்று. இன்று எந்த நிறுவனம் செய்தாலும் அவ்வகை வண்டிக்கு அதுவே பெயர்.

இதில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. காலால் கியரை மிதித்தால் போதும். சக்கரம் பெரிதாக இருப்பதால் மண் பாதையின் குழிகளில் ஏறி இறங்கும். செம்பனை வரிசைகளுக்கு நடுவிலும் நுழைந்து செல்லும். பெட்ரோலும் குறைவாகவே குடிக்கும். பதிலுக்கு அது கேட்பது, காலத்தில் மாற்றிய எஞ்சின் எண்ணெய், புழுதி துடைத்து எண்ணெய் இட்ட சங்கிலி, தேயாத பிரேக். மழை பெய்த செம்மண் பாதையில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். வளைவுக்கு முன்னரே கியரைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடிப்பதே பழகியவர்களின் வழக்கம்.

காப்சாய் இருவருக்கான வண்டி. அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் ஒரு பிள்ளை என்று நால்வர் போவதைப் பார்க்கிறோம். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் சட்டம் 1973-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பக்கத்துக் கடைதானே என்று பிள்ளையை வெறுந்தலையோடு ஏற்றாதீர்கள். விபத்துக்குக் கடை தூரம் தெரியாது.

குடும்பம் பெரிதாகும்போது பலர் தேடிப் போகும் வண்டி கஞ்சில். 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெரோடுவா நிறுவனம் இதை வெளியிட்டது. கஞ்சில் என்றால் சருகுமான். அந்தச் சிறிய விலங்கைப் போலவே இதுவும் சந்து பொந்துகளில் திரும்பும். பட்டணத்தில் நிறுத்துவதும் எளிது. முதலில் வந்த 660 சிசி வண்டிக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுச் சாலை வரி 20 வெள்ளிதான். மழை நாளில் பிள்ளைகள் நனையாமல் பள்ளிக்குப் போகலாம். காய்ச்சல்காரரைப் போர்த்திப் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம்.

ஆனால் அதன் சக்கரம் சிறியது, அடிப்பாகம் தாழ்வானது. ஐந்து பெரியவர்களையும் ஓர் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறச் சொன்னால் திணறும். இதன் உற்பத்தி 2009-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே, இன்று கிடைக்கும் எந்தக் கஞ்சிலும் வயதான வண்டியே. எஞ்சினுக்குள் உள்ள டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். அந்தப் பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

மூன்றாவது, புரோட்டோன் சாகா. 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நம் நாட்டின் முதல் தேசியக் கார் இது. ஜப்பானின் மிட்சுபிஷி வண்டியை அடிப்படையாகக் கொண்டது. மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் சிவப்பு மஞ்சாடி விதைக்கு மலாயில் சாகா என்று பெயர். 1300 சிசி சாகாவுக்கு ஆண்டுச் சாலை வரி 70 வெள்ளி. கஞ்சிலைவிட 50 வெள்ளி அதிகம். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் பின்னிருக்கை அகலம்; சாமான் வைக்கவும் நல்ல இடம் உண்டு.

பழைய சாகாவை ஓட்டுகிறவர்கள் சூடு காட்டும் முள்ளின்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இனி, பணக் கணக்கு. தவணையில் வாங்கிய வண்டி, கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை கடன் கொடுத்த நிறுவனத்துக்கே சொந்தம். 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அவர்கள் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். தவணையோடு பெட்ரோல், காப்புறுதி, டயர், பட்டறைச் செலவு எல்லாம் வரும். யானையை வாங்கிவிட்டுத் தீனிக்குத் தவிக்கும் நிலை நமக்கு வேண்டாம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி வாங்குமுன் ஆறு மாதம், தவணையும் பெட்ரோல் செலவும் சேர்ந்த தொகையை மாதந்தோறும் தனியே எடுத்து வையுங்கள். மளிகைக் கடையில் கடன் ஏறாமல் ஆறு மாதமும் வைக்க முடிந்தால் வண்டி உங்களுக்குக் கட்டுப்படியாகும். சேர்ந்த பணம் முன்பணமாகவும் உதவும். முடியவில்லை என்றால், நட்டமில்லாமல் உண்மை தெரிந்துவிட்டது.

பழைய வண்டியைப் பகலில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். தரை விரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். தெரிந்தவர்தானே விற்கிறார் என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் உடனே மாற்றிவிடுங்கள். காப்புறுதியில் இழப்பீடு கேட்காமல் ஐந்து ஆண்டு கவனமாக ஓட்டினால், காருக்கான கட்டணத்தில் 55 விழுக்காடுவரை கழிவு கிடைக்கும்.

இன்னொன்று, தாய்மார்களும் உரிமம் எடுக்க வேண்டும். கார் உரிமத்துக்கு வயது 17 நிறைந்தால் போதும். இரவு நேரத்தில் கணவருக்கே நெஞ்சு வலி வந்தால், வாசலில் நிற்கும் காடியை யார் ஓட்டுவது? ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் இருவராவது இருக்க வேண்டும்.

தனியாக வேலைக்குப் போகிறவருக்குக் காப்சாய் போதும். பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள வீட்டுக்குச் சிறிய கார் உதவும். எதை வாங்கினாலும், வாங்குமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கெழுதிப் பாருங்கள். அந்தத் தாளை எழுதும்போது உங்கள் மனைவியையும் பிள்ளைகளையும் பேச விடுங்கள். அந்த வண்டியில் ஏறப் போகிறவர்கள் அவர்களும்தான்.