ஒரு மாத்திரை, பல உடல்கள்



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள் மருந்தும் ஒன்று. ஆயின், "எனக்கு இரத்த அழுத்தம் தணிந்தது, நீங்களும் உண்டு பாருங்கள்" என்று தம் மாத்திரையை அண்டை வீட்டாரிடம் நீட்டுவது ஔடத தானம் ஆகாது. ஒரே மருந்து எல்லா உடலிலும் ஒன்றுபோல் செயற்படுவதில்லை. மருத்துவனல்லாத இத்தமிழாசிரியன் வலியுறுத்த விரும்புவது அதனையே.

அடெனோலால், மெட்டோபுரோலால் என 'லால்' என்று முடியும் பெயர்கள் நம் இல்லங்களில் பழகியவை. அவை பீட்டா தடுப்பான்கள் எனப்படும். அட்ரினலின் போன்ற சுரப்புநீர்கள் ஆல்பா, பீட்டா என்னும் இருவகை ஏற்பிகளின் வழியே செயற்படுகின்றன என்னும் கருத்தை 1948இல் அமெரிக்க அறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் முன்வைத்தார். அதனைப் பின்பற்றி ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக் 1960களின் தொடக்கத்தில் புரோபிரனோலாலை உருவாக்கினார்; 1988இல் நோபல் பரிசும் பெற்றார். நெஞ்சுவலிக்கென உருவான அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை 1964இல் பிரையன் பிரிச்சார்டு என்னும் ஆங்கில மருத்துவர் எடுத்துக்காட்டினார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? ஏற்பி ஓர் இருக்கை எனக் கொள்வோம். அதில் மருந்து முன்னரே அமர்ந்துவிட்டால், அட்ரினலின் வந்தும் அமர இடமில்லை. இதயத்துடிப்பு மெதுவாகிறது, சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரப்பதும் குறைகிறது. நாடி சில மணி நேரத்திலேயே தணிந்தாலும், அழுத்தம் முழுமையாகக் குறைய ஓரிரு வாரங்கள் ஆகலாம். "மூன்று நாள் உண்டேன், பயனில்லை" என்று கைவிடுவது அவசரம்.

பொதுவாக, நாடி விரைந்தோடும் இளையோரிடத்தும் ரெனின் மிக்கோரிடத்தும் இம்மருந்து நன்கு பயன் தரும். குருதிநாளங்கள் விறைத்து, ரெனின் குறைந்த முதியோரிடத்து அதன் பயன் பெரும்பாலும் குறைவே. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 9,193 நோயாளருள் ஒரு பிரிவினர் அடெனோலாலையும் மறு பிரிவினர் லோசார்டானையும் உண்டனர். இருசாராருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. எனினும் லோசார்டான் உண்டோரிடையே பக்கவாதம் கால்பங்கு குறைவாக இருந்தது. இத்தகைய சான்றுகளால், 2006இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுநெறி, வேறு காரணமில்லாத உயர் அழுத்தத்திற்கு முதலில் தரும் மருந்துகளின் வரிசையிலிருந்து இவற்றை நீக்கியது. அதனால் இவை பயனற்றவை என்று எண்ணற்க. மாரடைப்பு, நெஞ்சுவலி, சிலவகை இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் இவை இன்றும் உற்ற துணை.

ஆஸ்துமா உடையோர்க்கு இவை மூச்சுக்குழாயைச் சுருக்கலாம். சிலருக்குச் சோர்வும் கைகால் குளிர்தலும் உண்டாகும்.

இனி, நோன்பு நாள்களைப் பற்றி ஒரு சொல். "இன்று உண்ணா நோன்பு, ஆகவே மாத்திரையும் இல்லை" என்போர் நம்மிடையே உளர். பல நாள் தடுக்கப்பட்ட ஏற்பிகள் கூர்மை மிகுந்து காத்திருக்கும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் நாடி பொங்கி எழும். இதயநோய் உள்ளவர்க்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ நேரக்கூடும். நிறுத்த வேண்டுமாயின் மருத்துவரே ஓரிரு வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார். நீரிழிவு மருந்தும் உண்போர்க்கு மற்றோர் இடர் உண்டு. பட்டினியால் சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் படபடப்பையும் நடுக்கத்தையும் இம்மருந்து மறைத்துவிடும். வியர்வை ஒன்றே பெரும்பாலும் எஞ்சும் அடையாளம்.

ஆகவே, நோன்பு ஏற்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். "கூடாது" என்று அவர் கூறின் மனம் தளர வேண்டா. ஆற்றலுக்கேற்ற தவம் என்பது நாம் போற்றும் பதினாறு பாவனைகளுள் ஒன்றன்றோ? சுவை துறத்தலும் தவமே. மருத்துவர் சொன்ன அளவில் உப்பைக் குறைத்தால், அது நோன்புமாகும், இரத்த அழுத்தத்திற்கு மருந்துமாகும். உயிரனைத்தையும் ஓம்பும் நாம், நம்முள் உறையும் உயிரையும் ஓம்புவோமாக.